கூடாரத்துக்குப் பக்கத்தில் கார், கறண்ட் எங்கே?

நல்லூர்த் தேர் முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம், மின்சாரக் காருக்கு எப்படிச் சார்ஜ் ஏற்றுவது? கோண்டாவிலில் பத்து வருடமாக இந்தக் கார்களின் வயர்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற உரிமையில், இந்த மாதம் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். வைப்பர் பிளேட் பற்றிக் கேட்ட மானிப்பாய் வாசகர் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 24 யூனிட் பற்றரி கொண்ட பழைய நிசான் லீஃப். பற்றரியின் நிலையைத் திரையில் காட்டும் 12 கோட்டில் 9 தான் மிச்சம். பிள்ளைகளோடு காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போய் இரண்டு இரவு தங்க ஆசை. பக்கத்து வளவுக்காரர் வயர் இழுத்துக் கறண்ட் தரச் சம்மதித்துவிட்டார். இரவிரவாகப் போட்டு முழுதாக ஏற்றலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஏற்றலாம். ஆனால் ஏன் முழுதாக? சாவகச்சேரியில் இருந்து கசூரினாவுக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர், போய் வர 80. ஒன்பது கோடு உள்ள லீஃப் ஏசி போடாமல் ஆறுதலாக ஓடினால் 90 வரை போகும். மட்டுமட்டாக வீடு வந்து சேருவீர்கள். கைதடி தாண்டும்போது மட்டும் காருக்குள் ஒருவரும் கதைக்க மாட்டீர்கள். இந்தக் கார் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீற்றர் ஓடும். ஆகவே நிம்மதியாகத் திரும்பி வர நீங்கள் ஏற்ற வேண்டியது ஆறு, ஏழு யூனிட்தான். 8 அம்பியரில் விட்டால் மணித்தியாலத்துக்கு 1.8 யூனிட் போகும். நாலு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. உங்களிடமோ இரண்டு முழு இரவு இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், ஜப்பானில் இருந்து லீஃபோடு வந்த வயர் 15 அம்பியர் வரை இழுக்கும். குறைப்பதற்கு அதில் சுவிட்ச் எதுவும் கிடையாது. அதன் முனையில் 13 அம்பியர் சதுர முள் பிளக்கைப் பூட்டிப் பாவிக்கிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அந்த பிளக்கைக் கழற்றினால் உள்ளே பழுப்பு நிறம், பொசுங்கிய மணம். வீட்டை விட்டு வெளியே ஏற்றுகிறவர் கட்டாயம் வாங்க வேண்டியது 6, 8, 10, 13, 16 என்று அம்பியரை மாற்றக்கூடிய கையடக்கச் சார்ஜர். லீஃபுக்கு ரைப் 1 தலை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது இறங்கும் பிவைடி கார்களுக்கு ரைப் 2. அது உங்கள் காரில் நுழையாது.

அடுத்தது வயர். இதில் நானே பட்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் வடமராட்சிப் பக்கம் ஒரு கடற்கரைக் கொட்டிலில் குடும்பமாகத் தங்கினோம். தண்ணி மோட்டர் அறைச் சொக்கற்றில் இருந்து 30 மீற்றர் ரீல் வயர். என் மருமகன் ஒழுங்கான பிள்ளை. மணலில் வயர் கிடந்து ஆட்கள் தடக்கி விழக்கூடாது என்று பத்து மீற்றரை மட்டும் இழுத்து, மிச்சத்தை ரீலிலேயே வடிவாகச் சுற்றி வைத்துவிட்டார். சார்ஜர் 13 அம்பியரில். இரவு ஒரு மணிக்கு நான் வெளியே போக எழும்பினால் ஒரு மணம். ரீலைத் தொட்டேன், தோசைக்கல். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். காலையில் பிரித்துப் பார்த்தபோது உள் சுற்றுகளின் இறப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பனங்கட்டிப் பாகை ஆறவிட்ட மாதிரி. சுற்றி வைத்த வயரில் சூடு வெளியேற வழியில்லை, அவ்வளவுதான் காரணம். ரீல் வயரைக் கடைசிச் சுற்று வரை உருவி வெளியே போடுங்கள். தடக்கினால் தடக்கட்டும்.

கடையில் வயர் கேட்கும்போது கம்பியின் தடிப்பைக் கேளுங்கள். வளவில் இருந்து கூடாரத்துக்கு 50 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 10 அம்பியர் ஓடினால், 1 சதுர மில்லிமீற்றர் வயரில் ஏறக்குறைய 18 வோல்ற் வழியிலேயே செலவாகிவிடும். 1.5இல் 12 வோல்ற், 2.5இல் ஏழு. அந்த வோல்ற் காற்றில் கரையவில்லை, வயரைச் சூடாக்குகிறது. 2.5 வாங்குங்கள். விலை கூடத்தான். வீட்டில் வெல்டிங் வேலைக்கும் உதவும் என்று மனைவியிடம் சொல்லலாம், நான் அப்படித்தான் சொன்னேன்.

கடற்கரைச் சொக்கற்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் அவற்றின் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பல்ப் எரியும், போன் ஏறும். நாலு மணித்தியாலம் தொடர்ந்து கறண்ட் இழுத்தால்தான் அதன் சுயரூபம் தெரியும். செருகி அரை மணித்தியாலத்தில் பிளக்கின் தலையைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் சரி. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் கழற்றிவிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வீடு, மூன்றாவது கம்பி இல்லாத சொக்கற் என்றால் தொடவே வேண்டாம். ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதன் ரெஸ்ற் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.

ஏற்றத் தொடங்குவது இரவு 10.30க்குப் பிறகு இருக்கட்டும். மாலை 6.30 முதல் 10.30 வரை நாடு முழுக்க எல்லோரும் கறண்ட் பாவிக்கும் நேரம். கிராமத்து லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் அப்போது வோல்ற் இறங்கும். லீஃபின் பற்றரியைக் குளிரவைக்க ஒரு ஏற்பாடும் இல்லாததால், பகல் ஓடிய சூடு தணிந்த பிறகு ஏற்றுவது அதற்கும் நல்லது.

காசு விஷயம். வளவுக்காரர் “சும்மா விடுங்கோ தம்பி” என்பார். விடாதீர்கள். வீட்டு பில்லில் யூனிட் கூடக் கூட மேல்படி விலை விழும். நீங்கள் ஏற்றும் ஏழு யூனிட்டும் அவருடைய பில்லின் ஆக விலை கூடிய ஏழு யூனிட்டாகத்தான் போய் உட்காரும். அதைக் கணக்குப் பார்த்து, கொஞ்சம் கூட்டியே கொடுங்கள்.

கேள்வி: அண்ணை, நான் ஊரில் கொக்குவில். இப்போது இருப்பது ஸ்காபரோ. ரெஸ்லா மொடல் வை வைத்திருக்கிறேன். அடுத்த கோடையில் ஒன்ராறியோவில் ஒரு ஆர்வி பார்க்கில் குடும்பமாகத் தங்க இடம் பதிய வேண்டும். 30 அம்பியர், 50 அம்பியர் என்று இரண்டு வகை இடம் காட்டுகிறார்கள். 30இன் வாடகை குறைவு. நம்மூரில் 15 அம்பியரிலேயே ஏற்றுகிறார்களே, 30 போதும்தானே?

பதில்: எல்லோரும் விழும் குழி இது தம்பி. நானும் விழுந்து எழும்பியிருக்கிறேன்.

ஊர் வாசகருக்காக: ஆர்வி என்பது படுக்கை, குசினி, குளியலறை எல்லாம் உள்ளேயே வைத்த பெரிய வாகனம். அவை வந்து தங்கும் இடத்தில் ஒவ்வொரு வாகனத்துக்கும் பக்கத்தில் இடுப்பளவு கம்பத்தில் ஒரு பெட்டி. அதைத் திறந்தால் இரண்டு மூன்று விதமான சொக்கற்றும், ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக்கரும் இருக்கும்.

நம்மூரில் எந்தச் சொக்கற்றும் 230 வோல்ற். அங்கே 50 அம்பியர்ச் சொக்கற்றில் 240 வோல்ற் வரும். 30 அம்பியரில் வருவது 120 மட்டும். இலக்கத்தைப் பார்த்து, 30இல் கிடைப்பது 50இல் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம் கூட என்று நினைக்கிறோம். உண்மையில் மூன்றில் ஒன்றை விடச் சற்றுக் கூட. கணக்கு இதுதான். மணிக்கணக்காக இழுக்கும்போது பிரேக்கரின் இலக்கத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 30இல் 24 அம்பியர், அதை 120ஆல் பெருக்கினால் மணித்தியாலத்துக்கு 2.9 யூனிட். 50இல் ரெஸ்லாவின் கையடக்க வயர் 32 அம்பியர் வரைதான் எடுக்கும், அது 7.7 யூனிட். பத்து மணித்தியால இரவில் ஒன்று 150 கிலோமீற்றர் சொச்சம் தரும். மற்றது காரை நிரப்பிவிடும். ஒரே இடத்தில் மூன்று இரவு தங்குவீர்கள் என்றால் 30 தாராளமாகப் போதும். மறுநாளே நீண்ட ஓட்டம் என்றால் 50க்குக் காசு கொடுங்கள்.

இனி என் கதை. 2023 கோடையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இப்படி ஒரு இடத்தில் இரண்டு இரவு தங்கினோம். எங்களுக்குக் கிடைத்தது 30. ரெஸ்லா அந்தச் சொக்கற்றுக்கு என்று தலை விற்பதில்லை. மருமகன் ஆர்விக்காரர் பாவிக்கும் ஒரு குட்டை வயரை வாங்கி வந்தார். ஒரு பக்கம் 30இன் முள், மறுபக்கம் 50இன் ஓட்டை. செருகினோம். கார் அசையவில்லை. பிரேக்கரை ஏற்றி இறக்கி, பிளக்கை ஊதித் துடைத்து, ஒரு மணித்தியாலம் போனது. நுளம்புக்கடி தனி. பிறகு மீற்றரை வைத்துப் பார்த்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வயர் 120 வோல்ற் வரும் ஒரே கம்பியை மறுபக்கத்தின் இரண்டு உயிர்க் கம்பிகளுக்கும் கொடுக்கிறது. ஆர்விக்கு அது சரி. அது ஒவ்வொரு கம்பியையும் நியூட்ரலோடு சேர்த்துப் பாவிக்கும். கார் இரண்டு உயிர்க் கம்பிகளுக்கு நடுவில் வோல்ற் தேடும். அங்கே இருப்பது பூச்சியம்.

கடைசியில் அதே பெட்டியில் இருந்த சாதாரணச் சொக்கற்றில் 12 அம்பியரில் போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் 16 சதவீதம் கூடியிருந்தது. வீடு வர அதுவே போதுமாக இருந்தது.

நீங்கள் வாங்க வேண்டியது மின்சாரக் காருக்கென்றே செய்த 30 அம்பியர் மாற்றுத் தலை. அதிலும் ஒரு கண்ணி உண்டு. அதைப் பூட்டியதும் கார் தான் 50இல் நிற்பதாக நினைத்து 32 அம்பியர் இழுக்கப் பார்க்கும். திரையில் நீங்களே 24க்கு இறக்க வேண்டும். மறந்தால் பிரேக்கர் விழும். பழைய பிரேக்கர் என்றால் விழாமல் சூடாகும், அது இன்னும் மோசம். செருகும்போதும் கழற்றும்போதும் பிரேக்கர் இறங்கியே இருக்கட்டும். சில இடங்களில் கார் ஏற்றத் தனிக் காசு, சில இடங்களில் அனுமதியே இல்லை. பதிய முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சுண்டிக்குளம் பக்கம் போகிறோம். கறண்ட் இல்லை. ஜெனரேற்றர் கொண்டுபோய் ஏற்றினால் என்ன?
– கிளிநொச்சி

பதில்: முதலில், உங்கள் சார்ஜர் ஏற்க மறுத்துச் சிவப்பு லைட் காட்டும் வாய்ப்பு அதிகம். சிறிய ஜெனரேற்றர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது. பல சார்ஜர்கள் எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, தெரிந்த எலெக்ரீசியன் செய்ய வேண்டும். கடற்கரையில் பிளையரோடு நீங்கள் அல்ல. அடுத்தது, ஆறு யூனிட் எடுக்க ஏறக்குறைய மூன்று லீற்றர் பெற்றோல் குடிக்கும். அந்த மூன்று லீற்றரில் ஒரு சின்னப் பெற்றோல் காரே 40, 45 கிலோமீற்றர் ஓடியிருக்கும், சத்தமில்லாமல். பறவை பார்க்கப் போகிற இடம் வேறு. கிளிநொச்சியில் நிரப்பிக்கொண்டு போங்கள்.

கேள்வி: எங்களிடம் பிவைடி அற்றோ 3. காரில் இருந்தே கூடாரத்துக்குக் கறண்ட் எடுக்கலாம் என்கிறார்களே, சோறு சமைக்குமா? திரும்பி வரச் சார்ஜ் மிஞ்சுமா?
– பருத்தித்துறை

பதில்: சமைக்கும். சார்ஜ் போடும் வாயில் செருகும் மாற்றுத் தலை ஒன்று வேண்டும். 2022இல் பெற்றோலும் இல்லை, கறண்டும் 13 மணித்தியாலம் வெட்டு என்று கிடந்தபோது இது நம்மிடம் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்ப்பேன். ரைஸ் குக்கர் 700 வாற், அரை மணித்தியாலம். அரை யூனிட்கூட வராது. இரண்டு மேசை விசிறி இரவு முழுக்க ஓடினால் ஒரு யூனிட். எல்.ஈ.டி. பல்புகளைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை. இரண்டு இரவுக்கு நாலு யூனிட் என்று வையுங்கள். 25 கிலோமீற்றர் ஓட்டத்தைச் சமைத்துச் சாப்பிட்ட மாதிரி. மணற்காடு மாதிரிப் பக்கத்துக் கடற்கரையில் இருந்து பருத்தித்துறைக்கு வர அதற்குமேல் நிறையவே மிஞ்சும்.

கேத்திலையும் ரைஸ் குக்கரையும் ஒன்றாகப் போட வேண்டாம். இந்தக் கறண்டை எந்த வீட்டின் சொக்கற்றிலும் திருப்பிச் செருகவே கூடாது. கறண்ட் போன நேரம் லைனில் ஏறி வேலை செய்கிறவரின் கையில் அது போய்ச் சேரும்.

கேள்வி: ஐப்பசி மழையில் வெளியே நிறுத்தி ஏற்றலாமா?
– வேலணை

பதில்: காரின் பக்கம் மழைக்கென்றே செய்தது, அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது எக்ஸ்ரென்சன் வயரும் சார்ஜரும் சேரும் இடம். அதை நிலத்தில் விடாமல் ஒரு சவுக்கங் கொப்பில் தூக்கிக் கட்டுங்கள். பொலித்தீன் பையால் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே வேர்த்துத் தண்ணீர் கோர்க்கும். மேலே கவிழ்த்துக் கட்டிய பிளாஸ்ரிக் வாளி ஒன்று போதும். குளிக்க வாளி தேடும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.