மலையடிவாரத்தில் குடியேறலாமா? குரங்கணி பற்றி உங்கள் கேள்விகள்

சென்ற இதழில், தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் பக்கத்துக் குரங்கணி மலைப்பாதைகளைப் பற்றி எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. நடக்க வழி கேட்டவர்களைவிட "அங்கேயே வந்து குடியிருந்துவிடலாமா" என்று கேட்டவர்கள்தான் அதிகம். போடிப் பக்கத்துக்காரன் என்ற உரிமையில் மனதில் பட்டதை அப்படியே சொல்கிறேன்.

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் ஐடி வேலை, வீட்டிலிருந்தே செய்கிறோம். ட்ரெக்கிங் வந்த இடத்தில் குரங்கணி ரொம்பப் பிடித்துப்போனது. ஏழு வயது மகனோடு அங்கே வீடு எடுத்துத் தங்கலாமா? (வாசகர், சென்னை)

தாராளமாக வரலாம். ஆனால் நீங்கள் பார்த்தது டிசம்பர், ஜனவரி மாதத்துச் சனி ஞாயிறாகத்தான் இருக்கும். மழை முடிந்து மலை பச்சைப்பசேலென்று நிற்கும், கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் ஓடும், டீக்கடையில் வெளியூர் முகங்களாக இருக்கும். ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து பாருங்கள். குரங்கணி மலையுச்சி இல்லை, அடிவாரம். மூணாறு குளிரை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள், கோடையில் போடி வெயில்தான் இங்கேயும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் ஆறு பெருகும், மலைப்பாதையில் அட்டை ஏறும், ரோட்டில் மண் சரிந்தால் ஊரே காத்திருக்கவேண்டியதுதான்.

அன்றாடத் தேவை எதற்கும் போடிதான். பேங்க், மருந்துக்கடை, பிள்ளைகளின் மேல்வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போய்வரவேண்டும். பஸ் உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்தது வரும் என்று சென்னை மாதிரி நிற்கமுடியாது. அவசரம் என்றால் போடி அரசு மருத்துவமனை, அங்கே முடியாதென்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ராத்திரியில் பையனுக்கு உடம்பு சுட்டால் யார் ஜீப்பைக் கூப்பிடுவது என்று வந்த வாரமே பக்கத்து வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம், இந்த மாதிரி ஊர்களில் எல்லாரும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் நம்பி இருக்கிறார்கள், உங்களையும் நாளைக்கு ஒருவர் அதே மாதிரி கூப்பிடுவார், நீங்களும் எழுந்து போகவேண்டும்.

சிக்னல் விஷயத்தில் வீட்டுக்காரர் சொல்வதை மட்டும் வைத்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, மழை பெய்கிற நாளாகப் பார்த்து, உங்கள் சிம்மில் ஒரு வீடியோ மீட்டிங் பேசிப்பாருங்கள். கரண்ட் போனால் எத்தனை மணிநேரம் சமாளிக்கமுடியும் என்பதையும் கணக்குப் போடுங்கள்.

அப்புறம், இந்த ஊர் ட்ரெக்கிங்கை மட்டும் நம்பி இல்லை. காபி, மிளகு, ஏலம், எலுமிச்சை, மா, இலவம்பஞ்சு என்று மலையும் தோட்டமும்தான் பிழைப்பு. மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற மலைக் குக்கிராமத்தின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூட்டைகள் குதிரை முதுகில் இறங்குகின்றன. முதுகின் இரண்டு பக்கமும் மூட்டை, குறுக்கே இழுத்துக் கட்டிய கயிறு, ஒவ்வொரு கல்லையும் குளம்பால் தொட்டுப் பார்த்துத்தான் அடுத்த அடி. குதிரை எதிரே வந்தால் எப்போதும் மலைச்சரிவை ஒட்டி ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்தே கீழே போய்விடுவோம். செல்ஃபி எடுக்க நடுவழியில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அது அவர்களுக்கு வேடிக்கை, குதிரைக்காரருக்கு ஒரு நாள் கூலி.

வீடு வாங்குவது, கட்டுவது எல்லாம் பிறகு. பிப்ரவரியில் வாடகைக்கு வந்து டிசம்பர் வரை இருங்கள். வெயில், தீ, மழை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் மனசு இருந்தால் தங்குங்கள்.

கேள்வி: மகள் தோழிகளோடு குரங்கணிக்கு ட்ரெக்கிங் போகவேண்டும் என்கிறாள். 2018 தீ விபத்து எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அனுப்பலாமா? (வாசகி, ஈரோடு)

உங்கள் பயம் நியாயமானது அம்மா. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக்கு மேலே இருக்கும் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயது. அன்றைக்கு முதலில் மலையேறி ஓடியவர்களில் இந்த ஊர்க்காரர்களும் மலைக்குடிகளும் உண்டு. வெந்த உடம்புகளைப் போர்வையில் ஏந்தி இருட்டில் இறக்கினார்கள். அதைப் பற்றி இங்கே யாரும் லேசில் பேசமாட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு "எந்த இடம் அது" என்று கேட்பதைத் தயவுசெய்து தவிர்க்கச் சொல்லுங்கள்.

தீ எப்படி இவ்வளவு வேகமாக வருகிறது என்று தெரிந்துகொள்வது மகளுக்கு நல்லது. இந்தச் சரிவுகளில் பல இடங்களில் மரம் குறைவு, ஆளுயரப் புல்தான். தை பிறந்ததும் புல் காயத் தொடங்கும், மாசியில் புல்லின் தாளைக் கையில் பிடித்து நெரித்தால் பொடியாகிவிடும். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், ஏனென்றால் கீழே எரிகிற சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. பகலில் மலைச்சரிவில் காற்றும் மேல்நோக்கியே வீசும். ஆகவே கீழே புகை தெரிந்தால் உச்சியைப் பார்த்து ஓடுவதுதான் பெரிய ஆபத்து. பக்கவாட்டில் விலகி, பாறையோ ஓடையோ, ஏற்கெனவே எரிந்து கருகிய இடமோ இருக்கும் பக்கம் போகவேண்டும். இந்த இடங்களை வழிகாட்டி அறிந்திருப்பார், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளுக்கு ஆன்லைன் முன்பதிவைத் தொடங்கியது, அதில் குரங்கணி–சாம்பலாறு பாதையும் ஒன்று. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள், 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். மூடிய காலத்தில் "நாங்கள் வேறு வழியில் கூட்டிப்போகிறோம்" என்று யாராவது போனில் சொன்னால், அப்படிச் சொன்னவரோடு எந்தக் காலத்திலும் மகளை அனுப்பாதீர்கள். முறையாகப் பதிவு செய்து, டிசம்பர் ஜனவரியில், வழிகாட்டியோடு என்றால் சந்தோஷமாக அனுப்புங்கள். பருத்தித் துணி, கெட்டியான ஷூ, தண்ணீர் போதும்.

கேள்வி: குரங்கணிப் பக்கம் அந்தக் காலத்தில் ரோப்வே இருந்ததாமே, உண்மையா? (வாசகர், மதுரை)

உண்மைதான், எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இது. மூணாறு தேயிலையை வெளியே கொண்டுபோக அந்தக் காலத்தில் போடிதான் வாசல். மூணாறிலிருந்து குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாக 1902-இல் ஒரு பாதை அமைத்து, 1908-இல் அதைச் சின்ன ரயிலாகவே மாற்றினார்கள். ரயில் வந்து நிற்கிற இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும், அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. மேலே இருப்பவர்களுக்கு அரிசி பருப்பும் அதே வடத்தில் ஏறியது. 1924 பெருவெள்ளம் ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது, திரும்பப் போடவில்லை.

மூணாறுத் தோட்டங்களில் வேலைக்குப் போன நம் ஆட்களில் எத்தனையோ பேர் இந்தப் பக்கத்து மலைப்பாதைகளில் ஏறிப்போனவர்கள்தான். இன்றைக்கும் தேனி மாவட்டத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்வருகிறார்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரோடு வேண்டும் என்பது இந்தப் பக்கத்து மக்களின் வெகுநாள் கோரிக்கை. காட்டை நினைத்தால் எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைத் தோளில் தூக்கி இறக்கவேண்டிய மலைக்குடியில் நின்றுகொண்டு ரோடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேள்வி: அம்மாவுக்கு முட்டிவலி. கொழுக்குமலையில் சூரிய உதயம் காட்டவேண்டும். (வாசகர், திண்டுக்கல்)

குரங்கணி வழி வேண்டாம், அது கடுமையான ஏற்றம். போடிமெட்டு வழியாகச் சூரியநெல்லி போய் அங்கிருந்து ஜீப்பில் ஏறுங்கள். கொழுக்குமலைத் தேயிலை எஸ்டேட் தமிழ்நாட்டில், ஜீப் ரோடு கேரளத்திலிருந்து. குலுக்கல் பலமாக இருக்கும், அம்மாவை முன் சீட்டில் உட்காரவையுங்கள், ஸ்வெட்டர் கட்டாயம்.

கேள்வி: குரங்கணியில் இடம் வாங்கி ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று நினைக்கிறேன். எதைக் கவனிக்கவேண்டும்? (வாசகர், கோவை)

வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அது நிபந்தனைப் பட்டாவா, அரசு ஒப்படை செய்த நிலமா என்று தாலுகா ஆபீசில் பாருங்கள். அப்படிப்பட்ட நிலத்தை இஷ்டத்துக்கு விற்கவோ வாங்கவோ முடியாது. வனத்தை ஒட்டிய புலம் என்றால் சர்வேயரை வைத்து எல்லைக்கல் வரை நடந்து பார்த்துவிடுங்கள். மலைக் கிராமங்களில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்தக் கிராமம் வருகிறதா என்பதைக் கட்டடம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடவேண்டும். ஹோம்ஸ்டேயைச் சுற்றுலாத் துறையில் பதிவும் செய்யவேண்டும்.

இதெல்லாம் சட்டம். என் ஆசை வேறு. நீங்கள் இடம் வாங்குவதைவிட, இங்கே ஏற்கெனவே வீடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தோடு பேசி, அவர்கள் வீட்டில் இரண்டு அறையைச் சரிசெய்ய முதல் போட்டு, வருமானத்தைப் பங்கு வைத்துக்கொள்ளலாமே. சமையல் அவர்கள் கையில், வரவு செலவும் வெளியூர் ஆட்களோடு பேசுவதும் உங்கள் கையில். நிலம் கைமாறிப்போய், ஒருகாலத்தில் தன்னுடையதாக இருந்த தோட்டத்திலேயே ரிசார்ட் வாட்ச்மேனாக நிற்கிறவர்களை வேறு மலையூர்களில் பார்த்துவிட்டேன், குரங்கணிக்கு அது வரக்கூடாது.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் ஒரு குழுவாக வருகிறோம். மேலே காட்டில் டென்ட் போட்டு, கேம்ப் ஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் வைக்கலாமா? (வாசகர், திருச்சி)

கூடாது தம்பி. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தங்குவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம், வனத்துறை பிடித்தால் வழக்குதான். மேலே எழுதியிருக்கிற ஈரோட்டு அம்மாவின் கேள்வியை உங்கள் குழுவில் எல்லாரும் ஒருமுறை படியுங்கள். ராத்திரி காட்டுமாடு இறங்குகிற இடங்கள் அவை, பாட்டுச் சத்தத்தில் அது மிரண்டால் எங்கே பாயும் என்று யாராலும் சொல்லமுடியாது. பகலில் பதிவு செய்த பாதையில் நடங்கள், ராத்திரி ஊருக்குள்ளேயோ போடியிலோ அறை எடுங்கள். சாப்பாட்டுக்கு முந்தின நாளே சொல்லிவிட்டால் ஊரில் சமைத்துத் தருவார்கள், பேரம் பேசாதீர்கள். சென்னையிலிருந்து யாராவது சேர்வதாக இருந்தால் போடி வரைக்கும் இப்போது ரயிலே இருக்கிறது, 2023 ஜூனிலிருந்து ஓடுகிறது. அது தினமும் கிடையாது, கிழமையைப் பார்த்து டிக்கெட் போடச் சொல்லுங்கள்.