சாதாரண மடக்குக் கத்தியின் மீது சிலருக்கு ஏன் இத்தனை பிரியம்?

பழைய பாணி மடக்குக் கத்தியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். என்னிடம் இருக்கும் எட்டாம் எண் ஒப்பினெல் கத்தியை வைத்தே சொல்கிறேன்.

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயில், 1890-இல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய கத்தி இது. கோடரியும் அரிவாளும் அடிக்கும் பட்டறைக் குடும்பத்துப் பிள்ளை. குடியானவர்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நறுக்கச் செய்து கொடுத்தார். பிறகு 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பல அளவுகளில் வந்தது. எட்டாம் எண்ணின் அலகு (வெட்டும் தகடு) எட்டரை சென்டிமீட்டர். பழம் நறுக்கவும் பார்சல் கயிறு அறுக்கவும் அதற்கு மேல் எதற்கு?

அலகு, பீச் (beech) என்ற ஐரோப்பிய மரத்தில் செய்த கைப்பிடி, ஓர் ஆணி, இரண்டு வளையங்கள். கத்தி மொத்தமும் இவ்வளவுதான். இரண்டாவது வளையம்கூட 1955-இல் ஜோசப்பின் மகன் மார்செல் ஒப்பினெல் சேர்த்தது. அதற்கு முன்பு அழுத்தி வெட்டும்போது அலகு மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும் அபாயம் இருந்தது. இப்போது வளையத்தைத் திருகினால், பிடியில் உள்ள பிளவு அடைபட்டு அலகு அசையாமல் நின்றுவிடும். ஒளித்துவைத்த ஸ்பிரிங்கோ விசையோ கிடையாது. எப்படி வேலை செய்கிறது என்பது பார்த்தவுடனே புரிந்துவிடும். எனக்குப் பிடித்ததே அதுதான்.

துருப்பிடிக்காத எஃகிலும் கிடைக்கிறது. நான் துரு ஏறக்கூடிய கார்பன் எஃகின் பக்கம். எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கிய அன்றே அலகில் நீலமும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக நிறம் ஏறும். பார்த்துப் பதறிச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் படலம் படிந்த இடத்தில் செந்துரு அவ்வளவு எளிதில் ஏறாது. ஆனால் நறுக்கியதும் துடைத்தாக வேண்டும். சோம்பேறிகளுக்கு இந்தக் கத்தி சரிப்படாது. பதிலுக்கு, சாதாரணச் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தாலே காகிதத்தைச் சீவும் கூர்மை வந்துவிடும்.

மழைக்காலத்தில் மரப்பிடி ஊறி அலகை இறுகக் கவ்விக்கொள்ளும். நகத்தால் நெம்பினால் நகம்தான் போகும். வளையத்தைத் தளர்த்திவிட்டு, பிடியின் அடிப்பகுதியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தானே எட்டிப்பார்க்கும். சவோய்க்காரர்களின் பழைய உத்தி இது. (விமானத்தில் போகும்போது மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.)

பிரான்ஸின் இன்னொரு மடக்குக் கத்தியான, தேனீச் சின்னம் வைத்த லகியோல் அழகில் ஒரு படி மேல். ஆனால் அந்தப் பெயரில் மலிவுச் சரக்கு ஏராளமாகக் கிடைப்பதால், வாங்கும் முன் விசாரியுங்கள். இன்னும் எளிமையானது வேண்டுமென்றால் ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமி மடக்குக் கத்தி இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியது அதில்தான். பூட்டே கிடையாது; அலகின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும்.