சோற்றை விட்டேன், பின்னேரம் தலை சுற்றுகிறது

கேள்வி: கல்லடியில் இருந்து எழுதுகிறேன். வயது 42, எடை 68 கிலோ, கந்தோரில் கதிரையில் இருந்து செய்யும் வேலை. மெலியவென்று மூன்று கிழமையாகச் சோறு, பிட்டு, பாண் எதையும் தொடவில்லை. பொரித்த மீன், முட்டை, தயிர் மட்டும்தான். முதல் கிழமை 2 கிலோ குறைந்தது, பிறகு அசையவேயில்லை. பின்னேரம் மூன்று மணியானால் தலை கிறுகிறுக்கிறது. எங்கே பிழை விடுகிறேன்?

பதில்: சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ குளிசை போடுகிறவர் என்றால், இதை வாசித்து முடிக்க முன்னரே டொக்டரைக் காணுங்கள். சோற்றை நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே குளிசை போடுவது ஆபத்து.

போன 2 கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். ஈரலும் தசையும் மாச்சத்தைச் சேமிக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். சோறு நின்றதும் அந்த இருப்புக் கரைந்தது, தண்ணீரும் உப்பும் கூடவே போய்விட்டன. கிறுகிறுப்புக்கு இதுவும் காரணமாகலாம்.

மூளைக்கு நாளொன்றுக்கு 120 கிராம் அளவில் குளுக்கோஸ் வேண்டும். மாச்சத்து வராவிட்டால் ஈரல் புரதத்தில் இருந்து அதை உண்டாக்கத் தொடங்கும். விலை கொடுத்து வாங்கிய மீன் அப்படித்தான் எரிந்து போகிறது. கதவுக்கு வாங்கின தேக்கை அடுப்பில் வைத்த கதை.

எடை ஏன் நின்றது? பொரியலைப் பாருங்கள். மாச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் 120 கலோரி வரும். 100 கிராம் சோறும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், 130. சட்டியில் மீன் குடித்த எண்ணெயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எருமைத் தயிரிலும் பசுத் தயிரைவிடக் கொழுப்புக் கூட.

உங்களுக்கு நாளைக்கு 1600 கலோரி என்று வைப்போம். மாச்சத்து 200 கிராம், புரதம் 80, கொழுப்பு 50 கிராம் அளவில் இருந்தால் போதும். தராசு வேண்டாம். மத்தியானக் கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், கால் பங்கு சிவப்பரிசிச் சோறு, கால் பங்கு மீன் கறியும் பருப்பும். மீனைப் புளி விட்டுக் குழம்பாக வையுங்கள். அன்றைக்குச் சொதியும் இருந்தால் தேங்காய்ச் சம்பல் வேண்டாம். இரண்டும் ஒரே தேங்காய்தானே.

நம்முடைய வீடுகளில் புரதம் முழுவதும் மத்தியானத்திலேயே வந்து விழுகிறது. காலையில் ஒரு துண்டு பிட்டோடு அவித்த கௌபியோ முட்டையோ சேர்த்தால், மூன்று மணிச் சோர்வு குறையும். பிட்டில் தயிரும் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைகிற சுகம் எனக்கும் தெரியும். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள்.

இரண்டு கிழமை இப்படிச் சாப்பிட்டும் கிறுகிறுப்பு நிற்காவிட்டால், பிரஷரும் இரத்தத்தில் சீனியும் ஈமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்.