'எத்தனை', 'எவ்வளவு': ஆங்கிலத்தின் எண்ணும் பெயரும் எண்ணாப் பெயரும்

"கதிரையை எண்ணலாம், மேசையை எண்ணலாம். இரண்டும் சேர்ந்த ஃபர்னிச்சரை மட்டும் ஏன் எண்ணக் கூடாது? பட்டியலைப் பாடமாக்காமல் இதை விளங்கிக்கொள்ள வழி இருக்கிறதா?" என்பது கேள்வி. முக்கால்வாசிக்கு வழி இருக்கிறது. மிச்சத்தைப் பாடமாக்கத்தான் வேண்டும்.

கிளிநொச்சியில் பின்னேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் வருவார்கள், வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களும் வருவார்கள். "எண்ண முடிந்தது, எண்ண முடியாதது" என்று பாடத்தைத் தொடங்கினால் வகுப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். "ரீச்சர், அரிசியை எண்ணலாந்தானே?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். எண்ணலாம், பொறுமை இருந்தால். காசை எண்ண வங்கியில் மெஷினே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ரைஸ், மணி இரண்டும் எண்ணாப் பெயர்தான், அதாவது முன்னால் எண்ணோ வாலில் பன்மை எஸ்ஸோ சேராத பெயர்.

அதனால் நான் தமிழ்ப் பாடத்திலிருந்து தொடங்குவேன். ஆகுபெயரில் நான்கு அளவை படித்திருப்பீர்கள்: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். மாடு, தேங்காய், மண்வெட்டி எல்லாம் எண்ணல். நிறுத்தும் முகந்தும் நீட்டியும் அளக்கிறவை பெரும்பாலும் எண்ணாப் பெயர். வீட்டில் "மூன்று சுண்டு அரிசி போடு" என்போம், "மூவாயிரம் அரிசி போடு" என்று யாரும் சொல்வதில்லை. தேனுக்குப் போத்தல் கணக்கு, நெல்லுக்கு மூடைக் கணக்கு. ஆங்கிலத்தில் பன்மை அந்த அளவுப் பெயரில்தான் ஏறும், பொருளில் ஏறாது: த்ரீ பாட்டில்ஸ் ஆஃப் ஹனி, டென் பேக்ஸ் ஆஃப் பேடி. கடையில் "ரெண்டு றாத்தல் பாண் தாங்கோ" என்கிறோமே, அந்த றாத்தல் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் லோஃப் வரும்: டூ லோவ்ஸ் ஆஃப் பிரெட். டூ பிரெட்ஸ் என்று வராது.

இன்னும் சுருக்கமாக: வாயில் 'எத்தனை' வந்தால் மெனி, 'எவ்வளவு' வந்தால் மச். எத்தனை மாடு, எவ்வளவு பால். எத்தனை மூடை, எவ்வளவு நெல். தமிழ்க் காது இதில் அநேகமாகப் பிழைவிடாது.

பிழைவிடும் இடம் ஒன்று இருக்கிறது, பாடமாக்க வேண்டியதும் அதைத்தான். தமிழில் நாம் தாராளமாக 'எத்தனை' போடுகிற சில சொற்களுக்கு ஆங்கிலம் 'மச்' போடும். எத்தனை தகவல், எத்தனை அறிவுரை, எத்தனை செய்தி, எத்தனை உபகரணம், எத்தனை வீட்டுப்பாடம், எத்தனை தளபாடம் என்று கேட்போம். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ், எக்யூப்மென்ட், ஹோம்வேர்க், ஃபர்னிச்சர் ஆறும் எண்ணாப் பெயர். லக்கேஜையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபர்னிச்சர் என்றால் கதிரை மேசை எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் பார்ப்பது. ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர், எ பீஸ் ஆஃப் அட்வைஸ். நியூஸ் வாலில் எஸ்ஸோடு பிறந்ததால் பலரை ஏமாற்றும். அது ஒருமை: த நியூஸ் இஸ் குட்.

தொண்டு நிறுவன வேலைகளுக்கு எழுதும் விண்ணப்பங்களில் எக்யூப்மென்ட்ஸ், இன்ஃபர்மேஷன்ஸ், ஸ்டாஃப்ஸ் மூன்றும் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர் 'மைன்ஸ்' என்று சரியாக எழுதியிருப்பார், அடுத்த சொல்லிலேயே 'எக்யூப்மென்ட்ஸ்' என்று எழுதுவார். அனுபவத்தைச் சொல்லும்போது ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ். அங்கே எக்ஸ்பீரியன்ஸஸ் என்றால் வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள் என்றாகிவிடும்.

எஸ் சேர்ந்ததும் பொருளே மாறுகிற சொற்கள்தான் எனக்குப் பிடித்த பகுதி. யானை வயலுக்குள் இறங்கி நாசமாக்கியதைப் பற்றிய கடிதம் ஒன்றைத் திருத்தக் கொண்டுவந்தார்கள். "மெனி டமேஜஸ்" என்று இருந்தது. டமேஜ் என்றால் சேதம். டமேஜஸ் என்றால் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் நட்டஈடு! யானை எங்கே நட்டஈடு தந்தது? சீரியஸ் டமேஜ் என்று மாற்றினோம். பேடியும் அப்படித்தான். எண்ணாப் பெயராக நின்றால் நெல், பேடீஸ் என்றால் வயல்கள். முன்னால் 'எ' வந்தாலும் பொருள் மாறும். 'ஐ ஏட் சிக்கன்' என்றால் கோழி இறைச்சி சாப்பிட்டேன். 'ஐ ஏட் எ சிக்கன்' என்றால் முழுக் கோழியையும் முடித்துவிட்டீர்கள்.

தமிழில் "பத்து மாடு நிக்குது" என்றாலே போதும், 'கள்' தேவையில்லை. இலக்கணத்தில் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பார்கள். ஆகவே எஸ் போட மறப்பதும், பிறகு பயத்தில் கண்ட இடமெல்லாம் போடுவதும் நம் ஆட்களிடம் சகஜம்.

கற்போருக்கான ஆங்கில அகராதிகள் பலவற்றில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி அல்லது யூ என்ற எழுத்து இருக்கும். சி எண்ணும் பெயர், யூ எண்ணாப் பெயர். இரண்டும் இருந்தால் கீழே உள்ள உதாரண வாக்கியங்களையும் வாசியுங்கள். பரீட்சையில் அகராதி கிடையாது, அப்போது மச்சா மெனியா என்று தடுமாறினால் 'எ லாட் ஆஃப்' போடுங்கள், இரண்டுக்கும் பொருந்தும். வாலில் எஸ் போடுவதா என்ற கேள்வியை மட்டும் அது தீர்க்காது.