வீட்டிலிருந்து வேலை செய்யும் 16 பேர் குழுவுக்கு எந்த ஆன்லைன் சிமுலேஷன் விளையாட்டு உதவும்?

ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், சேர்ந்து வேலை செய்யவும் பொறுப்பெடுத்து நடத்தவும் பழக வேண்டும் என்கிறீர்கள். காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் 'பீர் கேம்' நடத்திப் பாருங்கள். கடை முதல் தொழிற்சாலைவரை ஒவ்வொரு இடமும் வாரந்தோறும் தனக்கு மேலுள்ள இடத்தில் பீருக்கு ஆர்டர் போட்டு, சங்கிலியின் மொத்தச் செலவைக் குறைக்கப் பார்க்கும் ஆட்டம் இது. 1960 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரின் குழு பலகையில் ஆட உருவாக்கியது. இன்று கூகுள் ஷீட்டும் வீடியோ அழைப்பும் போதும். பீர் என்றால் நெளிபவர்கள் இருந்தால் பிஸ்கட் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என ஒரு சங்கிலியில் நான்கு இடம். இடத்துக்கு இருவர் வீதம் 16 பேருக்கு இரண்டு சங்கிலி. இருவர் இருந்தால், ஒருவருக்கு நெட் போனாலும் ஆட்டம் நிற்காது. தங்களுக்குள் பேச அந்த இருவருக்கும் வீடியோ அழைப்பிலேயே பிரித்துவிடும் தனி அறை (பிரேக்அவுட் அறை). அடுத்த இடத்தோடு பேச்சே கூடாது, ஆர்டர் எண் மட்டும்தான் போகும். சங்கிலிக்கு ஆட்டத்தை நடத்தும் ஒரு நடத்துநர், அதுவும் 16 பேருக்கு வெளியிலிருந்து.

தொடக்கத்தில் ஒவ்வொரு கிடங்கிலும் 12 பெட்டி. ஆர்டர் போய்ச் சேர 2 வாரம், சரக்கு வந்து சேர 2 வாரம். கிடங்கில் தங்கும் பெட்டிக்கு வாரம் 50 காசு, கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் பெட்டிக்கு 1 ரூபாய் என்று செலவுக் கணக்கு. வழியில் இருக்கும் ஆர்டரையும் சரக்கையும் வாரத்துக்கு 4 என்று முன்பே நிரப்பிவிடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இது. நிரப்பாமல் விட்டால் மூன்றாம் வாரமே கிடங்கு துடைத்துவிட்டதுபோல் காலியாகி, ஆட்டமே கெட்டுவிடும். வாடிக்கையாளர் கேட்பது முதல் 4 வாரம் 4 பெட்டி, ஐந்தாம் வாரம் முதல் கடைசிவரை 8. இது கடைக்காரர் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது, அவருக்கும் அந்தந்த வாரம்தான். எல்லாரையும் ஒரே ஷீட்டில் வெவ்வேறு பக்கத்தில் விடாதீர்கள், எட்டிப் பார்ப்பார்கள். இடத்துக்கொரு கோப்பு கொடுத்து, எண்களை நடத்துநர் மாற்றி எழுதட்டும்.

முதல் மூன்று வாரம் எல்லாரும் 4 என்றே ஆர்டர் போட்டுக் கை பழகட்டும். 50 வாரம் என்று சொல்லிவிட்டு 36இல் நிறுத்துங்கள். முடிவு தெரிந்தால் கடைசியில் கிடங்கைக் காலி செய்யப் பார்ப்பார்கள். விளக்க 20 நிமிடம், ஆட 70, பேச 40.

அந்த 40 நிமிடத்தில் கை வைக்காதீர்கள், பாடமே அதில்தான். வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டிருப்பார் என்று கடைக்காரர் தவிர மற்றவர்களை வரையச் சொல்லுங்கள். மேடும் பள்ளமுமாக அலை வரைவார்கள். பிறகு 4, 8 என்ற ஒற்றைப் படியைக் காட்டுங்கள். கடையில் 8 ஆக இருந்த தேவை தொழிற்சாலைக்குப் போகும்போது 30, 40 என்று வீங்குவது வழக்கம். இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வில் குழுக்களின் செலவு, ஆகியிருக்கக்கூடிய குறைந்த செலவைப்போல் சுமார் பத்து மடங்கு. காரணம், ஏற்கெனவே ஆர்டர் போட்டு இன்னும் வந்து சேராத சரக்கை மறந்து மறுபடி ஆர்டர் போடுவது. பதில் வராத மின்னஞ்சலுக்கு மூன்று நினைவூட்டல் அனுப்பி, இன்னொருவரிடமும் அதே வேலையைக் கொடுப்பவரும் இதைத்தான் செய்கிறார். "12ஆம் வாரம் யார்மேல் கோபம் வந்தது?" என்று கேளுங்கள். அநேகமாக எல்லாரும் பக்கத்து இடத்தைக் கை காட்டுவார்கள்.

தலைமைப் பயிற்சி இரண்டாம் சுற்றில். வாடிக்கையாளர் தேவையை வேறு மாதிரி மாற்றிவிட்டு, 6 வாரத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் பேச விடுங்கள். பேச்சை நடத்த ஒருவர், ஒவ்வொரு முறையும் வேறு ஆள். அவர் கேள்வி கேட்கலாம், ஆர்டர் எண்ணைச் சொல்லக் கூடாது. மேலாளரைச் சங்கிலியில் சேர்க்காதீர்கள். அவர் முகத்தைப் பார்த்தே எண் போடுவார்கள்.

இரண்டு மணி நேரம் கிடைக்காதென்றால் 2015இல் வந்த 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' என்ற வீடியோ கேமை ஆடுங்கள், வெடிகுண்டைச் சேர்ந்து செயலிழக்கச் செய்ய வேண்டும். ஒரே பிரதி வாங்கினால் போதும், கையேடு இலவசம். வெடிகுண்டைப் பார்ப்பது ஒருவர், கையேட்டைப் பார்த்து வழி சொல்வது மற்றவர்கள். மூன்று தவறானால் வெடித்துவிடும். வெடிகுண்டைப் பார்ப்பவருக்கு மூன்று நான்கு பேருக்குமேல் வழி சொல்ல விடாதீர்கள், ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. திரைப் பகிர்வை அணைக்க மறந்தால் விளையாட்டே இல்லை.