தோட்டத்துச் சாளைக்கு எந்த கேமரா வைக்கறதுங்க?

கேள்வி: எங்க ஊரு காங்கேயத்துக்குப் பக்கமுங்க. நான் திருப்பூர்ல வேலைல இருக்கறேன், அப்பாவும் அம்மாவும் மட்டும் தோட்டத்துச் சாளைல, அதான் தோட்டத்து வீட்டுல. பல்லடம், சிவகிரி பக்கம் தோட்டத்து வீடுகள்ல நடந்த கொலையையெல்லாம் கேட்டதுல இருந்து ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. கடைக்காரர் நாலு டோம் கேமரா, அதான் கிண்ணத்தைக் கவுத்தாப்பல இருக்கறது, மாட்டிக்கலாம்ங்கறாரு, மச்சான் சுத்திச் சுத்திப் பாக்கற வைஃபை கேமரா ஒண்ணு போதும்ங்கறாரு. தோட்டத்துக்கு வர்ற இட்டேரிப் பாதைல இருக்கற கேட்டு வீட்டுல இருந்து 150 மீட்டர் இருக்கும். எது வாங்கறதுங்க?

பதில்: டோமா, குழாயாட்டம் நீட்டமா இருக்கற புல்லட்டாங்கறதை அப்பறம் பாக்கலாமுங்க, எந்த எடத்துல எதைப் பாக்கோணும்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. எங்க மாமனார் தோட்டத்துல மொட்டை மாடி சுவத்துல 2.8 எம்எம் லென்ஸ் கேமரா மாட்டியிருந்தோம், ஒரு நா ராத்திரி போர் மோட்டார் கேபிளை வெட்டிட்டுப் போயிட்டாங்க, காலைல ரெக்கார்டிங்கைப் போட்டுப் பாத்தா தலைல துண்டு கட்டுன உருவம் ஒண்ணு குனிஞ்சு நிமிருது, அவ்வளவுதான், மூஞ்சி துளிகூட தெரியல. இத்தனைக்கும் 4 மெகாபிக்சல். 2.8 எம்எம் அகலமா காட்டும், தள்ளி நிக்கறவங்களை பொடுசாக்கிரும், ஒசரத்துல இருந்து பாத்தா துண்டும் உச்சந்தலையுந்தான் விழும்.

அதனால வாசல், மாடு கட்டற கட்டுத்தரைக்கு 2.8 எம்எம், கேட்டுக்கு 6 எம்எம் புல்லட், 8, 9 அடி ஒசரத்துல, வர்றவங்க மூஞ்சிக்கு நேரா. டோம் வீட்டுக்குள்ள நல்லா இருக்கும், வெளிய அந்த மூடி மேல புழுதியும் பனியும் படிஞ்சா ராத்திரில அகச்சிவப்பு வெளிச்சம் அதுலயே பட்டு படம் வெளுத்துப் போயிருது. மச்சான் சொல்றது ஒரு பக்கம் திரும்பியிருக்கறப்ப மறுபக்கம் ஆரு வந்தாலும் பதிவாகாதுங்க.

நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்குத்தான் கணக்கு, அதுக்கு மேல இழுத்தா படம் விட்டு விட்டு வரும், தோட்டத்துல நீளமா செம்புக் கம்பி போட்டா இடி மின்னலுக்கு ரெக்கார்டர் பெட்டியே போயிரும். கேட்டுக்கு ஃபைபர், அதான் கண்ணாடி இழைக் கேபிள், இழுங்க, இல்லாட்டி சிம் போடற சோலார் கேமரா, ஆனா மொதல்ல அந்த எடத்துல நின்னு போன்ல வீடியோ ஓடுதான்னு பாருங்க. சோலார் கேமரா நிறைய தூங்கிட்டு இருந்து ஆள் அசைஞ்சாத்தான் முழிக்கும், மொத ரெண்டு செகண்டு தப்பலாம், அதனால அதை மட்டும் நம்பிராதீங்க.

நான் உங்களுக்கு அழுத்திச் சொல்றது, ஆள் வந்தா வெள்ளை லைட் பளிச்சுன்னு எரியற மாடலா வாங்குங்க. நடுராத்திரி ரெக்கார்டிங் அப்பாவை எழுப்பாது, லைட் எழுப்பும், நாயும் குரைக்கும். மனுசனை மட்டும் கண்டுபுடிக்கற வசதியும் இருக்கோணும், இல்லாட்டி மயிலுக்கும் நாய்க்கும் போன் அடிச்சு அடிச்சு ஒரு வாரத்துல நீங்களே சத்தத்தை அமத்திருவீங்க.

ரெக்கார்டர் பெட்டியை டிவிக்குக் கீழ வைக்காதீங்க, திருட வர்றவன் அதைத்தான் மொதல்ல தூக்குவான், உள்ரூம் பீரோ மேல வைங்க, கூடவே யுபிஎஸ். நாலு 2 மெகாபிக்சல் கேமரா, ஒண்ணுக்கு செகண்டுக்கு 2 மெகாபிட்னு (2 எம்பிபிஎஸ்) வச்சா ஒரு நாளைக்கு 86 ஜிபி ஆகும், 1 டிபி டிஸ்க் பதினோரு நாள் தாங்கும், 2 டிபியாவே போட்டுருங்க.

2025 ஏப்ரல் 9ல இருந்து கேமராவுக்கு அரசோட பாதுகாப்புச் சோதனை கட்டாயமுங்க, பில்லோட அந்த சான்றையும் கேளுங்க. மாட்ட வந்தவர் போன கையோட பாஸ்வேர்டை மாத்திருங்க, அப்பாவுக்கு போன்ல கேமராவைத் திறந்து பாக்க உக்காந்து பழக்கி விடுங்க, லென்ஸ் முன்னாடி செலந்தி கூடு கட்டும், அதை அம்மா மாசம் ஒருக்கா வெளக்குமாத்துல தட்டி விடட்டும்.