பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஏதோ தப்பு நடக்கிறது என்று சந்தேகம், கையில் ஆதாரம் இல்லை. ஆசிரியர் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாமா என்ற கேள்வியே இல்லை, கொடுத்தே ஆகவேண்டும். வேலை கடலூரில், பிள்ளை புதுச்சேரியின் பாகூர் பக்கத்திலிருந்து வேனில் வருகிறது, நடந்ததாகச் சொல்வது புதுச்சேரி எல்லைக்குள், நிர்வாகம் 'நாங்களே விசாரிக்கிறோம், வெளியே போகவேண்டாம்' என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதே ஊரில் ரொம்ப வருஷமாக ஆசிரியையாக இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஆதாரம் பற்றிய பயத்தை விடுங்கள். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் போலீசில் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் இருந்தால் 21-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு, தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் 1 வருஷம் வரை. நல்ல எண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது, அதுவும் 19-வது பிரிவிலேயே இருக்கிறது. இதை உங்கள் நிர்வாகத்திடம் அப்படியே சொல்லுங்கள், பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

'நாங்களே விசாரிக்கிறோம்' என்பதுதான் எனக்குப் பெரிய பயம். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, சாயங்காலம் பெல் அடித்ததும் மற்றவர்கள் ஓட, இது மட்டும் நோட்டு அடுக்குகிறேன், போர்டு துடைக்கிறேன் என்று நின்றுகொண்டே இருக்கும். ஒருநாள் தானாகவே, "அந்த வேன் அண்ணன் என்னை மட்டும் கடைசியா இறக்கி விடுறாரு டீச்சர்" என்றது. அவ்வளவுதான் சொன்னது. நாங்கள் தலைமையிடம் சொன்னதும், பிள்ளையைத் தலைமையின் அறைக்குக் கூப்பிட்டு, மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்துகொண்டு என்னைக்கு, எந்த இடத்தில, ஏன் அப்பவே சொல்லல என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். சீருடைத் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்த பிள்ளை கடைசியில் "ஒண்ணுமில்ல சார்" என்றது. அந்த ஒண்ணுமில்லையை எழுதிக் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போட்டதால்தான் விஷயம், பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான குழந்தைகள் நலக் குழு வரைக்கும் போனது.

சட்டம் இதற்கு நேர் எதிராகத்தான் யோசித்திருக்கிறது. வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ வாங்கவேண்டும், முடிந்தவரை பெண் எஸ்ஐ, அவரும் சீருடையில் இருக்கக் கூடாது, ராத்திரியில் ஸ்டேஷனில் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும். பள்ளி நடத்தும் பஞ்சாயத்தில் இதில் எது இருக்கிறது?

உங்களிடம் பிள்ளை பேசினால் குறுக்கே கேள்வி கேட்காமல் கேளுங்கள். 'அவர் தொட்டாரா' என்று நீங்கள் எடுத்துக்கொடுக்கவே கூடாது, அப்புறம் என்ன ஆச்சு என்பதற்கு மேல் போகாதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள். பிள்ளை போனதும் அது சொன்ன வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள், உங்கள் ஊகத்தை அதில் கலக்காதீர்கள். ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு எழுத்துகூடப் போடவேண்டாம். பிள்ளையின் பெயர், படம், பள்ளி என்று அடையாளம் தெரிகிற எதையும் ஊடகத்தில் வெளியிடுவது 23-வது பிரிவில் தனிக் குற்றம், குரூப்பில் போட்டது எங்கே போய் நிற்கும் என்று யார் கையிலும் இல்லை.

பெற்றோர் 'பொண்ணு பேரு கெட்டுடும்மா, விட்டுடுங்க' என்று கெஞ்சலாம். அவர்கள் பயம் நியாயமானதுதான், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுங்கள். ஆனால் அவர்கள் சம்மதித்தால்தான் புகார் என்று சட்டம் சொல்லவில்லை.

அடி, சூடு, படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுவது, இதற்கெல்லாமும் 1098 தான். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் என்றால் கல்வித்துறையின் உதவி எண் 14417-ம் இருக்கிறது.

எல்லைச் சிக்கலை நினைத்துத் தயங்கவேண்டாம். 1098 இந்தியா முழுக்க, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். 'இது புதுச்சேரி கேஸ், அங்கே போங்க' என்று கடலூர் ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் போகாதீர்கள். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173-வது பிரிவில் இருக்கிறது, எல்லை பார்க்காமல் பதிகிற 'ஜீரோ எஃப்ஐஆர்' போட்டு அவர்கள்தான் அங்கே அனுப்பவேண்டும். எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, நாளைக்கும் அந்தப் பிள்ளை அதே வேனில்தான் ஏறவேண்டும், அதனால் போனை இன்றைக்கே போடுங்கள்.